வீட்டாளைச் சேர்க்காத கணக்கு

கல்யாண மண்டபத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் மேனேஜராக இருக்கிறவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? மண்டபத்தார் என்றுதான் கூப்பிட்டது. தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மண்டபம் அவருடையது அல்ல. முதலாளி எங்கோ வெளியூரில் இருந்துகொண்டு வாடகையை மட்டும் வாங்கிக்கொள்கிறவர். ஆனாலும் சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க மண்டபத்தார் நடக்கிற நடையைப் பார்த்தால் முதலாளியே எழுந்து சலாம் போட்டுவிடுவார்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று ஒரு தடவை கண்ணை ஓட்டுவார். எத்தனை தலை, எத்தனை இலை, இன்னும் எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். பேப்பர், பேனா எதையும் தொடமாட்டார். எழுதி வைத்துக் கணக்குப் பார்ப்பது மூளை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கொள்கை. அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு விதி: வீட்டாள் கணக்கில் வராது. கல்யாண வீட்டுக்காரர்கள் முதல் பந்தியில் உட்காரமாட்டார்கள். விருந்தாளி எல்லாரும் எழுந்து, கை கழுவி, குறையும் சொல்லி முடித்த பிறகு, சமையல்காரர்களோடு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டு அதற்கும் நன்றி சொல்வார்கள். அதனால் எண்ணும்போது வீட்டாளை விட்டுவிட வேண்டும். தொழில் கற்ற நாளிலிருந்து அவர் கண் அப்படித்தான் பழகியிருந்தது.

கஷ்டம் என்னவென்றால், ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மண்டபத்தார் தன்னை வீட்டாளாகத்தான் நினைத்துக்கொள்வார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று உலகமே முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் பந்திக்கும் பிந்தி, எல்லா விசேஷத்திலும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வார். வீட்டில்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. அதில் துவைத்த துணிகள் உட்கார்ந்திருந்தன.

அவர் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொல்லமாட்டார். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் அவளும் போவாள். கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைப்பாள். யாராவது வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டால், "வருவார்" என்பாள். அவர் வரமாட்டார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கூட்டம் ஏறி நாற்காலி தட்டுப்பாடானதும், மண்டபத்தாரின் கழுகுக் கண் கூடத்தைச் சுற்றிவந்து, பை ஒன்று சொகுசாக உட்கார்ந்திருக்கிற அந்த நாற்காலியில் வந்து நிற்கும். உடனே ஆளை அனுப்பி அதை எடுத்துவரச் சொல்வார். அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். தங்கள் ஒரே மகளின் நிக்காஹிலும் இதுதான் நடந்தது. குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில் பெண்ணின் தகப்பன் சமையல்கட்டில் தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய அக்கா புருஷன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். படம் இன்றைக்கும் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அத்தான் நன்றாகத்தான் விழுந்திருக்கிறார்.

பஸ்ஸில் சில மணி நேரப் பயணத்தில் அந்தப் பழைய நகரம் இருந்தது. சுற்றிலும் மண் நிறத்தில் கோட்டைச் சுவர், நடுவில் ஆயிரம் வருஷத்தைத் தாண்டிய பெரிய பள்ளிவாசல், அதை ஒட்டி ஒரு மகானின் அடக்கத்தலம். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ ஜனங்கள் கப்பலேறி, விமானமேறி வந்து, அங்கே நின்று பிரார்த்தித்து ஜியாரத் செய்துவிட்டுப் போகிறார்கள். மண்டபத்தாரின் மனைவி மட்டும் போனதில்லை. கல்யாணமான புதிதில் கேட்டாள். இந்தக் கல்யாண சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிந்தது, அடுத்த சீசன் வந்தது. உலகத்தில் ஆண்களும் பெண்களும் இருக்கிறவரை கல்யாண சீசன் எங்கே முடியப்போகிறது?

மண்டபத்துக்கு வெள்ளையடிக்க ஒரு வாரம் பூட்டுப் போட்டபோதுதான் அவளுக்கு வழி பிறந்தது. காலையில் அவர் நின்றபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"ஒரே ஒரு நாள்," என்றாள். "காலையில போனா ராத்திரிக்குள்ள வந்துடலாம். நாம ரெண்டு பேர் மட்டும். தொழுதுட்டு அந்த முற்றத்துல கொஞ்ச நேரம் உட்காரணும். நீங்க எதையும் பார்த்துக்க வேணாம். சும்மா என் பக்கத்துல உட்கார்ந்தா போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

மண்டபத்தார் கரைந்துபோனார். மனுஷன் கெட்டவர் அல்ல. இத்தனை வருஷமாக இவள் கேட்டது இது ஒன்றுதானே என்று அவருக்கே உறுத்தியது. அந்த உருக்கத்தில், அந்த வீட்டிலேயே மிக ஆபத்தான வார்த்தையை அவர் சொல்லிவிட்டார்.

"நீ விடு. நான் பார்த்துக்கறேன்."

முதலில் தன் அக்காவிடம் சொன்னார். சொல்லாமல் போனால் பிறகு எந்த முகத்தோடு பார்ப்பது? அக்கா மூக்கைச் சிந்தினாள். தம்பிக்குப் பெண்டாட்டி வந்த பிறகு அக்கா கண்ணுக்குத் தெரியவில்லை என்று, முப்பது வருஷத்துக்கு முன் சொல்ல வேண்டியதை இப்போது ஞாபகமாகச் சொன்னாள். சரி, நீயும் வா என்றார். அக்கா வந்தால் அத்தான் வருவார். அத்தான் வந்தால் அத்தானின் முழங்கால் வலி வரும், அதற்குத் தைலம் தேய்க்க அவர்கள் மகள் வருவாள், மகளோடு அவள் புருஷன், புருஷனோடு அவன் தாயார். மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருப்பவன். அவன் தன் பங்குக்குக் கடை முழுவதையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். சமையல் மாஸ்டரை விட்டுவிட்டுப் போனால் தொழில் தர்மம் என்ன ஆவது? ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான். கார் என்று பேசியது வேனாகி, வேன் மினி பஸ்ஸாகி நின்றது. இதில் மண்டபத்தாருக்கு வருத்தம் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு பேருக்கு ஏற்பாடு செய்வது எப்படி என்றே தெரியாமல் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, கூட்டம் சேரச் சேர முகத்தில் களை வந்தது.

ஆலோசனைக் கூட்டம் மண்டபத்திலேயே நடந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டுத்தான் மண்டபத்தாரால் வாயைத் திறக்க முடியும். மச்சினன் தன் போனை உயர்த்திப் பிடித்து, அந்த நகரத்தில் ஒரே நாளில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் என்று யாரோ எழுதி வைத்திருந்ததை வாசித்தான். எழுதியவர் ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று யாரையும் விசாரித்திருக்கவில்லை. அக்காவுக்குத் துணிக்கடைத் தெரு முக்கியம். பள்ளிவாசல் எங்கே ஓடிவிடப்போகிறது, கடையைத்தான் சாயந்திரம் சாத்திவிடுவான் என்றாள். அத்தானுக்குக் கோட்டை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தில் நிற்பதில் அவருக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. சமையல் மாஸ்டரோ, அடுப்பையும் அண்டாவையும் எங்கே இறக்குவது என்பதைத் தவிர வேறு எதையும் பேச மறுத்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மண்டபத்தார் தீர்ப்பு வழங்கினார். ஜியாரத்தைப் பந்தி பந்தியாக வைத்துக்கொள்வது. முதல் பந்தி உள்ளே போய் வரும்வரை இரண்டாம் பந்தி துணிக்கடைத் தெருவில் காத்திருக்கும். முழங்கால்காரர்களுக்கு வாசலை ஒட்டி நாற்காலி. நாற்காலி அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ, இங்கிருந்தே நாலைந்தை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். அதோடு நிற்காமல் பள்ளிவாசல் அலுவலகத்துக்கே போன் போட்டார். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காரலாம், பின்பக்கம் வண்டி வந்து போக வழி இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று வரிசையாகக் கேட்டார். மறுமுனையில் இருந்தவர் பொறுமைசாலி. இங்கே ஆயிரம் வருஷமாக ஜனங்கள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், நீங்கள் கவலைப்படாமல் வந்து சேருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். மண்டபத்தார் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அங்கே நிர்வாகம் சரியில்லை, முன்கூட்டியே எதையும் யோசிக்கிறதில்லை என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

அவர் மனைவி எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசிக்கு வந்தபோது தட்டைப் பிடித்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இதிலே நாம ரெண்டு பேரும் எப்போ உட்காருவோம் என்று. அதெல்லாம் எல்லாருக்கும் இடம் இருக்கிறது, நான் எண்ணிவிட்டேன் என்றார் அவர். கூட்டம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அவரும் கூட வருகிறாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அன்றைக்கே தொழுகைக்கான வெள்ளைத் துப்பட்டாவைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டாள். பயணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

போகிற நாளும் வந்தது. விடிந்தும் விடியாமலும் மினி பஸ் மண்டபத்து வாசலில் வந்து நின்றது. மண்டபத்தார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியின் படிக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிற்கிற அதே நிற்பு நின்றார். வாங்க, வாங்க, உள்ளே தள்ளிப் போங்க, வழியில நிக்காதீங்க என்று ஒவ்வொருவரையும் ஏற்றினார். அக்காவுக்கு ஜன்னலோரம். அத்தானுக்குக் காலை நீட்ட முன்வரிசை. மச்சினன் கடைப் பட்டாளம் பின்னால். சமையல் மாஸ்டர், அவர் மடியில் கரண்டிகள். அண்டாவும் அடுப்பும் நாற்காலிகளும் வண்டி மேலே ஏற்றிக் கட்டப்பட்டன. கடைசி ஆளும் உட்கார்ந்தபோது ஒரு இருக்கை காலி இல்லை, ஒரு ஆள் நிற்கவில்லை. மண்டபத்தார் கண்ணை ஒரு ஓட்டு ஓட்டினார். அச்சு அசலாகக் கணக்கு நின்றது. அந்த நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட பூரிப்பை ஒரு மகான் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். கதவைச் சாத்தி, வண்டியின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஐயா, நீங்க வரலையா?"

"வராம? நான்தானே கூட்டிட்டுப் போறேன்."

"எங்க உட்காருவீங்க?"

மண்டபத்தார் வண்டிக்குள் பார்த்தார். பிறகு திரும்பினார். அவருக்குப் பின்னால், வாசல் விளக்குக்குக் கீழே, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தாள்.

யாரோ அழையாத விருந்தாளி ஏறிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார். தன் கணக்கைச் சந்தேகிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மறுபடி எண்ணினார். எல்லாரும் அவர் வாயால் கூப்பிட்ட ஆட்கள்தான். மூன்றாம் தடவை எண்ணும்போதுதான் விஷயம் விளங்கியது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இந்த மனுஷனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நின்றவளையும் தெரியவில்லை. மினி பஸ் பேசும்போது விருந்தாளிகளை எண்ணினார். பழக்க தோஷத்தில் வீட்டாளை விட்டுவிட்டார். வீட்டாள் இரண்டே பேர்தான்.

வண்டிக்குள் உடனே பாசம் பொங்கிவிட்டது. நான் இறங்குகிறேன், நீங்க வாங்க என்று ஆளுக்கு ஆள் குரல் கொடுத்தார்கள். எல்லாரும் வாயால் எழுந்தார்கள், இடுப்பால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அத்தான் முழங்காலைத் தடவிக் காட்டினார். மச்சினன், அக்கா நீ என் மடியில வேணா உட்காரேன் என்று நகைச்சுவை செய்தான். மேலே கட்டியிருக்கிற நாற்காலிகளில் இரண்டை இறக்கி நடைவழியில் போட்டால் என்ன என்று மண்டபத்தார் யோசனை சொன்னார். போலீஸ் பிடித்தால் உங்களைத்தான் காட்டுவேன் என்றார் டிரைவர். கடைசியில் மண்டபத்தாரின் அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நல்ல புத்தி சொன்னாள். தம்பி, நீங்க ரெண்டு பேரும் நினைச்சா என்னைக்கு வேணும்னாலும் போகலாம், எங்களுக்கு அப்படியா என்று.

மண்டபத்தார் மனைவியிடம் வந்தார். அடுத்த மாசம், என்று ஆரம்பித்தார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். வண்டிக்குள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"என்னை எண்ணாம விட்டீங்க, சரி. அது எனக்குப் பழக்கம். ஆனா உங்களையும் எண்ணலையே. நீங்க இல்லாம அந்த முற்றத்துல நான் யார் பக்கத்துல உட்கார்றது? வண்டியைப் போகச் சொல்லுங்க."

வண்டி போனது. மணமக்களை வாசலில் விட்டுவிட்டுக் கல்யாண ஊர்வலம் போனது போல அத்தனை சந்தோஷமாகக் கையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுப் பக்கம் திரும்புவாள் என்று மண்டபத்தார் எதிர்பார்த்தார். அவள் பெரிய சாலைப் பக்கம் நடந்தாள். பஸ் நிலையம் அந்தப் பக்கம்தான். அவர் பின்னாலேயே ஓடினார். அண்டா, கரண்டி, சாவி, ஆள் என்று எதுவுமில்லாமல் வெறுங்கையோடு அவர் தெருவில் நடந்தது அன்றைக்குத்தான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் வழி நெடுக வீசிக்கொண்டே போனார்.

அந்த நகரத்துக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. யாரும் திட்டம் போடாமலே அது தினமும் போய் வந்துகொண்டிருக்கிறது போலும். இரண்டு பேர் உட்காருகிற இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் ஆட்களை ஏற்றுகிற லட்சணத்தைப் பார்த்து மண்டபத்தாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டாமா இவன் என்று அரை எழும்பினார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். அவர் தலை அவள் தோளில் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடித்தது. தோள் வலித்தாலும் அவள் நகர்த்தவில்லை.

நடுவில் போன் அடித்து அவரை எழுப்பியது. மினி பஸ் ஒரு துணிக்கடையில் நின்றுவிட்டதாம். அக்கா சும்மா பார்க்கத்தான் இறங்கினாளாம். இன்னும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அடுத்த போன் சமையல் மாஸ்டர்: உப்பு எந்தப் பையில் இருக்கிறது? அடுத்தது மச்சினன்: பாதை பிரிகிற இடத்தில் போன் ஒரு பக்கம் காட்டுகிறது, டிரைவர் இன்னொரு பக்கம் காட்டுகிறார், மச்சான் யாரை நம்புவது? மண்டபத்தார் எல்லாருக்கும் பதில் சொன்னார். தான் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது என்பதில் அவருக்குப் பரம சந்தோஷம். பக்கத்தில் அவள் இருக்கிறாள் என்பது ஒவ்வொரு போனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வந்தது.

கோட்டை வாசலைத் தாண்டி, வளைந்து போகிற தெருக்களில் நடந்து, பள்ளிவாசலின் முன்னால் வந்தார்கள். அவள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து மினாரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். செருப்புப் பார்க்கிறவர் தட்டைத் தட்டி, எத்தனை ஜோடி என்று கேட்டார். மண்டபத்தார் வழக்கம்போல் திரும்பிப் பின்னால் பார்த்தார். எண்ணுவதற்கு யாரும் இல்லை.

"ஒண்ணு," என்றார். பிறகு மனைவியிடம், "நீ போய்த் தொழு. நான் இங்கயே நிக்கறேன். அவங்க வந்தா வழி தெரியாம முழிப்பாங்க. கூட்டிட்டு வந்துடறேன்."

அவள் கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"அப்போ நானும் நிக்கறேன்," என்றாள். "நானும் வீட்டாள்தானே."

செருப்புக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அவர்களை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். மண்டபத்தாரின் சட்டைப் பையில் போன் மறுபடி அடித்தது. அவர் அதை எடுத்தார். யார் என்று பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். பிறகு போனை அவளிடம் நீட்டினார். அவள் அதன் வாயை அடைத்துக் கைப்பைக்குள் போட்டாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"ரெண்டு ஜோடி," என்றார்.

தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு அவர் ஆண்கள் பக்கமும் அவள் பெண்கள் பக்கமும் பிரிகிற இடத்தில், முற்றத்து ஓரமாக இருந்த ஒரு தூணைக் காட்டி, தொழுதுவிட்டு இங்கே வரச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்பது அவளுக்குத் தெரியாததா?

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது மண்டபத்தாருக்குச் சோதனை காத்திருந்தது. தண்ணீர்க் குழாய்களில் கூட்டம். இந்தப் பக்கம் பத்துப் பேர் முட்டிக்கொண்டிருக்க, அந்தக் கோடியில் நாலு குழாய் சும்மா நிற்கிறது. சொல்ல ஒரு ஆள் இல்லை. அவர் சொன்னது சரியாகத்தானே போயிற்று, நிர்வாகம் சரியில்லை. கை தானாக உயர்ந்தது. இப்படி வாங்க, அந்தக் குழாய் காலி என்று சொல்ல வாயும் திறந்துவிட்டது. அந்தப் பக்கமாக ரெண்டு எட்டு வைத்தும்விட்டார்.

அப்போது தூண் கண்ணில் பட்டது. வெள்ளைத் துப்பட்டாவோடு அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், ஒரு ஆள் உட்காருகிற அளவு இடத்தில், கைப்பை இருந்தது. ஒரு வெளியூர்க்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து எதையோ கேட்டாள். பாஷை புரிந்ததோ இல்லையோ, கேள்வி அவளுக்குப் புரிந்தது. தலையை ஆட்டிப் பதில் சொன்னாள். அவள் உதடு அசைந்ததை மண்டபத்தார் இங்கிருந்தே பார்த்தார்.

"வருவார்."

இந்தக் காட்சியைச் சமையல்கட்டு வாசலில் நின்று எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறார். ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் காலி நாற்காலி, அதில் ஒரு பை. காலி நாற்காலி என்றுதான் ஒவ்வொரு தடவையும் எண்ணினார். ஆளை அனுப்பி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அது தன்னுடைய நாற்காலி என்று இத்தனை வருஷமாக அந்தக் கழுகுக் கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் நிக்காஹில் அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தபோது, நடு முற்றத்தில் நின்று அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

குழாய்களை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தூணிடம் போனார். பையை எடுத்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தார். பையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவர் சட்டைக் கையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

யாரோ ஒரு பெரியவர் தட்டில் பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இப்படிப் பிடித்தால் கொட்டாதா? மண்டபத்தார் எழப் பார்த்தார். சட்டைக் கை இழுத்தது. பெரியவர் வந்து அவர் உள்ளங்கையில் இரண்டு பழம் வைத்தார். முதல் பந்தியில், உட்கார்ந்தபடி, ஒருவர் கொடுக்க அவர் வாங்கிச் சாப்பிட்டார். பழத்தைவிட அதிகமாகக் கண்ணீரைத்தான் விழுங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் மினி பஸ் பட்டாளம் வந்து சேர்ந்தது. கோட்டைக்குள் வண்டி விடவில்லை. வெளியிலோ, கொண்டுவந்த அண்டாவை இறக்க லேசில் இடம் கிடைக்கவில்லை. முதல் பந்திக்கும் இரண்டாம் பந்திக்கும் யார் முதலில் என்று வாசலிலேயே சண்டை. வாங்கிய துணிமூட்டையைச் செருப்புக்காரர் வாங்கி வைக்க மறுத்துவிட்டார். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அக்கா முற்றத்தில் வந்து நின்றாள். தூணடியில் தம்பியும் அவன் பெண்டாட்டியும் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மூட்டையைக் கீழே போட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தம்பி, எல்லாரும் பசியோட நிக்கிறாங்க. நீ இப்படி உட்கார்ந்திருந்தா யாரு எடுத்து வைக்கிறது?"

மண்டபத்தார் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். வந்தவர்கள் தாறுமாறாக நின்றிருந்தார்கள். கண் தன் போக்கில் எண்ண ஆரம்பித்தது. முன்னால் இத்தனை, பின்னால் இத்தனை. எண்ணி முடித்து, கடைசியாகத் தூணடியில் இருந்த இரண்டையும் சேர்த்தார்.

"நீங்களே எடுத்து வச்சுக்குங்க அக்கா," என்றார். "எங்களுக்கும் ரெண்டு இலை போடுங்க."

சொன்னாரே தவிர, உடம்பு கேட்கவில்லை. கால் இரண்டும் எழுந்திருக்கத் துடித்துக்கொண்டுதான் இருந்தன. அது தெரிந்துதானோ என்னவோ, அவள் அந்தச் சட்டைக் கையை இன்னும் விடவில்லை.